கண் மங்குவது ஏன் நமக்கே தெரிவதில்லை? கரிசல் காட்டில் பிறந்து லட்சம் கண்களைத் திறந்த டாக்டர் வெங்கடசாமியின் கதை

உளுந்தில் கல் பொறுக்குவது கரிசல் காட்டு வீடுகளில் பெரும்பாலும் பாட்டிமார்களின் வேலை. முறத்தில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, கறுப்பு உளுந்துக்குள் ஒளிந்திருக்கும் கறுப்பு மண்கட்டியை எடுத்துப் போடுவார்கள். பல வருஷமாகப் பழகிய கை. ஒருநாள் இட்லியில் கல் கடிபடும். அடுத்த வாரம் சோற்றில் வெள்ளைக் கல். பாட்டிக்கு முன்ன மாதிரி கவனம் இல்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். பாட்டியும் அப்படியே நினைத்துக்கொள்வார்.

கண் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஏனென்றால் தெருவில் வருகிற ஆள் தெரிகிறார், மாடு தெரிகிறது, பேருந்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்கூடத் தட்டுத்தடுமாறித் தெரிகிறது. அப்புறம் கண்ணில் என்ன கோளாறு இருக்கப்போகிறது?

ஆனால் பல வீடுகளில் கண்புரை தொடங்குவது இப்படித்தான். அதைவிட ஆச்சரியம், பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதைக் கண்ணுக்குச் சொந்தக்காரரே உணராமல் இருப்பது. அதற்குக் காரணம் நம் கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் இருக்கிற ஓர் ஏற்பாடு. இந்த மங்கலோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட ஒரு மனிதர் அதே கரிசல் பூமியில்தான் பிறந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி. மருத்துவ உலகில் டாக்டர் வி.

யார் இந்த டாக்டர் வி?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரம் என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது எழுத்தாளர்கள். தெற்கே நெடுஞ்சாலையோரம் இருக்கும் இடைசெவல் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். கிழக்கே எட்டயபுரம் பாரதியின் ஊர். அந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1-ம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் வெங்கடசாமி. அப்பா பெயர் கோவிந்தப்பா. கூடப் பிறந்தவர்கள் நான்கு பேர்.

மழையை நம்பிய மானாவாரி பூமி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் என்று எது விளைந்தாலும் வானம் பார்த்துத்தான். பள்ளிக்கூடத்தில் காகிதமும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகிய தலைமுறை அது.

அவருக்கு முதலில் கண் டாக்டர் ஆகும் எண்ணமே இல்லை. சிறுவயதில் அவருடைய உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வலிப்பு வந்து இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் கிடையாது. அந்தச் சாவுகளைப் பார்த்துத்தான் பிரசவ மருத்துவம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-ல் பட்டம் வாங்கினார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-ல் டாக்டர். அடுத்து ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை. எல்லாம் நினைத்தபடிதான் போய்க்கொண்டிருந்தது.

விரல்கள் கோணிப்போன நாட்கள்

1948-ல் எல்லாம் தலைகீழானது. முடக்குவாதம். முப்பது வயதில் மூட்டு மூட்டாக வீங்கி, மாதக்கணக்கில் படுத்த படுக்கை. ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். நோய் கொஞ்சம் தணிந்தபோது கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயிருந்தன. பேனா பிடிப்பதே பெரும்பாடு. பிரசவம் பார்க்கும் கை இது இல்லை என்பது அவருக்கே புரிந்துவிட்டது.

அப்போது அவர் எடுத்த முடிவை இன்றைக்குப் படித்தாலும் கொஞ்சம் விபரீதமாகத்தான் தெரியும். விரல் மடங்காத ஒருவர், மருத்துவத்திலேயே மிக நுணுக்கமான கைவேலை கேட்கும் கண் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். மறுபடியும் படித்தார். 1951-ல் கண் மருத்துவத்தில் பட்டம். தன் விரலுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் பழகினார். பழகிப் பழகி, ஒரே நாளில் நூறு கண்புரை அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்கு வந்தார். வாழ்நாளில் அவர் கைப்பட நடந்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்போது அழைக்கப்பட்ட, இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண் அறுவை சிகிச்சை நிபுணர். இருபது வருஷம் அங்கேதான் இருந்தார். வந்த நோயாளிகளில் பலர் இரண்டு கண்ணும் சுத்தமாகத் தெரியாமல், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவர வந்தவர்கள். ஏன் இவ்வளவு முற்றவிட்டு வருகிறார்கள்?

பஸ் காசு ஒரு காரணம். கூட வருபவருக்கு ஒருநாள் கூலி போகும் என்பது இன்னொரு காரணம். ஆபரேஷன் பயம் இருக்கவே இருக்கிறது. இதற்கெல்லாம் அடியில், வெளியே தெரியாத ஒரு காரணமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள கண் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கண் பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, வித்தியாசத்தை

நண்பகல் வெயிலில் கிடக்கும் கரிசல் மண்ணையும், வீட்டுக்குள் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிலிருந்து கண்ணுக்கு அதிக வெளிச்சம் வரும்? வேட்டி என்றுதான் தோன்றும். உண்மையில் வெயிலில் கிடக்கும் கறுப்பு மண்தான் பல மடங்கு அதிக வெளிச்சத்தைக் கண்ணுக்கு அனுப்புகிறது. வெயில் அவ்வளவு கடுமை. ஆனாலும் மண் கறுப்பாகத்தான் தெரிகிறது, வேட்டி வெள்ளையாகத்தான் தெரிகிறது.

எப்படி? எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று கண் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பக்கத்தில் இருப்பதைவிட இது எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல் என்றுதான் பார்க்கிறது. கறுப்பு மண்ணில் வெடித்து நிற்கும் வெள்ளைப் பருத்தி பளிச்சென்று தெரிவது இந்த வித்தியாசத்தால். இதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். பழைய டிவிகளில் திருகிப் பார்த்த அதே கான்ட்ராஸ்ட். உளுந்துக்குள் கரிசல் மண்கட்டி கண்ணில் படாமல் போவது இந்த வித்தியாசம் குறைவாக இருப்பதால்.

இங்கே இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மத்தியான வெயிலிலிருந்து சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது, போகப் போகத் தெரியும். அது வெளிச்சத்துக்குக் கண் பழகுவது. உங்கள் போனில் இருக்கும் ஆட்டோ பிரைட்னஸ் மாதிரி. கான்ட்ராஸ்ட்டுக்குப் பழகுவது வேறு. வெளிச்சம் மாறாமல் அப்படியே இருந்தாலும், காட்சியில் உள்ள வித்தியாசங்கள் கூடினாலோ குறைந்தாலோ கண்ணும் மூளையும் அதற்குத் தகுந்தபடி தங்களைத் திருத்திக்கொள்ளும்.

கோயில் கொடையில் மைக் செட்காரர் செய்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். நையாண்டி மேளம் முழங்கும்போது சத்தத்தைக் குறைப்பார். மெல்லிய குரலில் ஒருவர் பேச வந்தால் கூட்டுவார். இரண்டுமே கூட்டத்துக்குச் சரியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. பார்வை நரம்பும் இப்படித்தான். கண்ணுக்குள் வெளிச்சத்தை உணரும் செல்கள் 12 கோடிக்கும் மேல். அங்கிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு இழைகள் சுமார் 10 லட்சம்தான். ஒவ்வொரு இழையும் அனுப்பக்கூடிய செய்திக்கு ஓர் அளவு உண்டு. அதனால் வித்தியாசம் அதிகமான காட்சி வந்தால் இழை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மங்கலான காட்சி வந்தால் சிறு வித்தியாசத்துக்கும் பலமாகத் துடிக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. 1969-ல் கேம்பிரிட்ஜில் பிளேக்மோர், கேம்பல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பளிச்சென்ற கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்க்கவைத்தார்கள். உடனே அதே மாதிரியான, ஆனால் மங்கலான கோடுகளைக் காட்டினால் பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி தெரிந்தது. இன்னொரு வேடிக்கை, நிற்கும் கோடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படுத்திருக்கும் கோடுகள் வழக்கம்போலத் தெரிந்தன. கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் செல்கள் மூளையின் பார்வைப் பகுதியில் இருக்கின்றன. ஆக, பழகிக்கொள்வது மூளையிலும் நடக்கிறது. 1997-ல் சாலமாண்டர், முயல் ஆகியவற்றின் விழித்திரையை வைத்து நடந்த ஆய்வில், கண்ணுக்குள்ளேயே இந்த வேலை தொடங்கிவிடுகிறது என்பதும் தெரிந்தது.

சரி, இதற்கும் கண்புரைக்கும் என்ன சம்பந்தம்?

கண்ணுக்குள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் லென்ஸ், வயதாக ஆக மங்கத் தொடங்கும். லென்ஸில் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. ஊர்ப்பக்கம் கண்ணுல பூ விழுந்திருச்சு என்பார்கள். உள்ளே வரும் வெளிச்சம் நேராகப் போகாமல் இந்தத் திரள்களில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய வெளிச்சம் விழித்திரை முழுக்க ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போலப் படர்கிறது. கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, சாம்பலாகும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே இருந்த தூரம் சுருங்கும்.

இது ஒரே நாளில் நடந்தால் யாரும் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். ஆனால் இது வருஷக்கணக்கில் நடக்கிறது. காட்சி கொஞ்சம் மங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் மைக் செட்காரர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறார். உலகம் எப்போதும் போலத்தான் இருக்கிறது என்று மனசுக்குத் தோன்றுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய காட்சி கையில் இல்லை. போன வருஷம் பருத்தி எவ்வளவு வெள்ளையாக இருந்தது என்று யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்?

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தேய்ந்துபோன கேசட்டில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும்தான் கூடும். அழிந்த வித்தியாசத்தை மூளையால் திரும்ப உண்டாக்க முடியாது. அதனால் வித்தியாசம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடங்களில்தான் முதலில் அடிபடும். உளுந்தில் மண்கட்டி. அரிசியில் வெள்ளைக் கல். அந்தி நேரத்தில் கரிசல் பாதையில் கிடக்கும் கறுப்பு ஜந்து. ஒரே நிறத்தில் பூசப்பட்ட படிக்கட்டின் கடைசிப் படி. வயதானவர்கள் தவறி விழுந்து இடுப்பெலும்பு உடைவதில் இந்தக் கடைசிப் படிக்கும் பங்கு உண்டு.

ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில்கூட இது சரியாகப் பிடிபடாது. 1862-ல் ஸ்னெல்லன் உருவாக்கிய முறையின் வழிவந்த பலகை அது. எழுத்து சிறிதாகிக்கொண்டே போகும், ஆனால் எல்லாமே அடர் கறுப்பு. பால் வெள்ளையில் அடர் கறுப்பு எழுத்து, புரை தொடங்கிய கண்ணுக்கும் ஓரளவு தெரிந்துவிடும். எழுத்தின் அளவு மாறாமல், நிறம் மட்டும் மங்கிக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் பலகை 1988-ல்தான் வந்தது.

வராத நோயாளியைத் தேடிப் போனவர்

டாக்டர் வி இந்த ஆராய்ச்சிகளைப் படித்துவிட்டுத்தான் கிராமத்துக்குப் போனார் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு நோயாளிகள் தெரியும். அவர்கள் வரமாட்டார்கள் என்பது தெரியும். அதனால் 1960-களில் கண் முகாம்களைத் தொடங்கினார். ஊர்ப் பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரி. அங்கேயே பரிசோதனை, அங்கேயே அறுவை சிகிச்சை. 1966-ல் பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையம். 1973-ல் கண் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி. அதே வருஷம் பத்மஸ்ரீ விருது.

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. பொதுவாக அந்த வயதில் பேரன் பேத்தியோடு உட்காருவார்கள். இவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பெயர் ஸ்ரீ அரவிந்தர் மீது அவருக்கு இருந்த ஈடுபாட்டால் வந்தது. தங்கை டாக்டர் ஜி. நாச்சியார், தங்கையின் கணவர் டாக்டர் பி. நம்பெருமாள்சாமி, தம்பி ஸ்ரீனிவாசன் என்று குடும்பமே உள்ளே இறங்கியது. வங்கிக் கடன் கிடைக்காததால் வீட்டை அடமானம் வைத்தார்கள், நகைகளும் போயின. காசு சேரச் சேர ஆஸ்பத்திரி மாடி மாடியாக உயர்ந்தது.

கணக்கு எளிமையானது. வசதி உள்ளவர் காசு கொடுப்பார். இல்லாதவர் கொடுக்க வேண்டாம். கொடுப்பவரின் காசில் கொடுக்காதவருக்கும் சிகிச்சை. இதற்குக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஒரு டாக்டர் ஒரு நாளில் செய்யும் அறுவை சிகிச்சைகள் பல மடங்கு கூட வேண்டும். அமெரிக்காவில் மெக்டொனால்டு கடைகளைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்பது அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்கிற கதை. எந்த ஊரில் போய் வாங்கினாலும் ஒரே மாதிரி, ஒரே தரம், குறைந்த விலை. கண்ணுக்கும் அப்படி ஏன் செய்யக்கூடாது?

அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் மேசைகள். ஒரு மேசையில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் டாக்டர் அப்படியே திரும்பிக்கொள்வார், நுண்ணோக்கியும் அந்தப் பக்கம் திரும்பும். மற்ற வேலை எல்லாம் பயிற்சி பெற்ற செவிலிய உதவியாளர்கள் கையில். பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டு வருஷம் பயிற்சி. இந்த மருத்துவமனையைப் பற்றி எழுதுபவர்கள் டாக்டர் வியைப் பற்றி நிறைய எழுதுவார்கள், இந்தப் பெண்களைப் பற்றிக் கொஞ்சமாகத்தான். உண்மையில் அந்த வேகம் இவர்களால் வந்தது.

முகாமும் மாறியது. ஊரில் பரிசோதனை மட்டும். அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்களை அன்றைக்கே பேருந்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்து ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். ஆபரேஷன் மட்டும் இலவசம் என்று சொன்னபோது வராதவர்கள், பேருந்தும் சாப்பாடும் சேர்ந்தபோது வந்தார்கள். வடமலாபுரம், இடைசெவல் பக்கத்து ஜனங்களுக்கு மதுரை தூரம். 1988-ல் திருநெல்வேலியில் அரவிந்த் கிளை வந்தபோது அந்தத் தூரம் குறைந்தது.

அப்படியும் எல்லோரும் வந்துவிடவில்லை. முகாம் நடக்கும் கிராமங்களில் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று ஓர் ஆய்வு நடந்து 1999-ல் வெளியானது. கண் பிரச்சினை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு சுமார் 7 பேர்தான். வராததற்குப் பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று எதிர்பார்த்த காரணங்கள் இருந்தன. வயசானா இப்படித்தான் என்ற மனநிலையும் இருந்தது. கூடவே இன்னொன்று. இருக்கிற பார்வையை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

அந்தச் சமாளிப்பில் பாதியை நோயாளி செய்கிறார். மீதியை அவருக்குத் தெரியாமலே அவர் கண்ணும் மூளையும் செய்கின்றன.

சோடாபுட்டியிலிருந்து லென்ஸுக்கு

டாக்டர் வி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கிய காலத்தில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். அதற்குத்தான் அந்தக் கனமான சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் எல்லாம் சுமார் கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால் மறுபடியும் குருட்டு வாழ்க்கைதான். வரப்பில் நடக்கிற, களை எடுக்கிற ஆளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை 1949-லேயே லண்டனில் ஹெரால்ட் ரிட்லி செய்து காட்டிவிட்டார். ஆனால் நாற்பது வருஷம் கழித்தும் அது ஏழைக்கு எட்டவில்லை. இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலருக்கு மேல். இலவச ஆபரேஷனில் அதை எப்படி வைப்பது? 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தை மதுரையில் தொடங்கினார்கள். லென்ஸின் விலை சுமார் பத்து டாலருக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. இப்போது அந்த லென்ஸ்கள் பல நாடுகளுக்குப் போகின்றன. கரிசல் காட்டுத் தாத்தாவும் காசு கட்டி வருபவரும் தெளிவான பார்வையோடு வீடு திரும்ப முடிந்தது இதற்குப் பிறகுதான்.

கட்டுப் பிரித்ததும் எல்லாம் நீலமாகத் தெரிகிறதே?

கண்புரை ஆபரேஷன் முடிந்த பலர் சொல்லும் விஷயம் இது. வெள்ளைச் சுவர் லேசாக நீலம் பூத்த மாதிரி இருக்கிறது, வெளிச்சம் ரொம்பக் கூசுகிறது. ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ என்று வீட்டில் கலக்கம்.

பயப்பட ஒன்றும் இல்லை. வயதான லென்ஸ் மங்குவதோடு மஞ்சளாகவும் ஆகிறது. மஞ்சள் லென்ஸ் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட மூளை வருஷக்கணக்கில் தன்னைத் திருத்தி வைத்திருக்கிறது. திடீரென்று தெளிவான லென்ஸ் வந்ததும், பழைய திருத்தம் அப்படியே நிற்பதால் நீலம் தூக்கலாகத் தெரிகிறது. கலிபோர்னியாவில் கண்புரை நோயாளிகளை வைத்து நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், எது வெள்ளை என்ற கணக்கை மூளை மறுபடி சரிசெய்ய மாதக்கணக்கில் ஆவது தெரிந்தது. கேம்பிரிட்ஜ் கோடுகளுக்குச் சில நொடி, சில நிமிடம். வருஷக்கணக்கில் பழகியதற்கு மாதங்கள். பழகிய வேகத்தில்தான் அதை விடவும் முடிகிறது போல.

வலி, சிவப்பு, பார்வை குறைவது, மின்னல் வெட்டுவது போலத் தெரிவது என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண். புரை பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதை மறைத்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அரிசியில் கல் தப்புகிறதா, எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கூசுகிறதா, இருட்டும் நேரத்தில் ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்களா என்பதையும் கவனிக்கலாம். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருப்பது வீண். அவர்களுக்கே தெரியாதே!

1993-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அரவிந்த் மருத்துவமனையைப் பாடமாக்கியது. மேலாண்மை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 2000-களில், முகாம் வரும்வரை காத்திருக்காமல் ஊருக்குப் பக்கத்திலேயே சிறிய பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார், இணையம் வழியாக டாக்டர் தன் இடத்திலிருந்தே பார்த்துச் சொல்வார்.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ம் தேதி மதுரையில் காலமானார். வயது 87. அவருடைய நூறாவது பிறந்தநாளான 2018 அக்டோபர் 1 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. 11 படுக்கையில் தொடங்கிய அரவிந்த், இப்போது ஆண்டுக்கு லட்சக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்கிறது. அதில் பாதிக்கு மேல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கிறது.